காதுக்குக் கீழே ஒரு குழி

அமீர்பேட்டில் ஆறு மாதம் கோர்ஸ் படித்து முடித்து, பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டுச் செகந்தராபாத் பக்கம் திருமுல்கேரிக்குக் குடிபோனேன். மாடியில் ஒரே அறை, சமையலுக்கு ஒரு மூலை. கீழ் வீட்டில் ஓர் அக்காவும் அவளுடைய தம்பியும் இருந்தார்கள். அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். கணவர் தவறிப் பல வருஷமாகிவிட்டது, குழந்தை இல்லை. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துத்தான் பிழைப்பு. காலையில் நான் பல் தேய்க்கும்போதே கீழே தையல் மிஷின் ஓடத் தொடங்கிவிடும்.

அவர்கள் செகந்தராபாத்திலேயே பிறந்தவர்கள். அரக்கோணத்திலிருந்து தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அக்காவின் தமிழ் முதல் மாதம் எனக்குப் பாதிதான் புரிந்தது. தண்ணீர் வந்ததா என்று கேட்டால் ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்பாள். ஏன் என்பதற்கு "கைக்கு", வேண்டாம் என்பதற்கு "நக்கோ". என் கரூர்ப் பேச்சைக் கேட்டு அவளும் சிரிப்பாள்.

"எல்லாத்துக்கும் பின்னால ஒரு 'ங்க' போடுறியே, வாய் வலிக்காதா உனக்கு?"

நான் வெள்ளி வாங்க ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. தங்கம் வாங்கினால் வீட்டில் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா அதைக் கல்யாணக் கணக்கில் சேர்த்துவிடுவாள், அடுத்த வாரமே ஒரு ஜாதகம் வரும். வெள்ளியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். சார்மினாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை வெள்ளி ரூபாய் கிடைக்கும் என்று அக்காதான் சொன்னாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ் பிடித்துப் போவோம். பேரம் பேசுவது அவள். அந்த ஊர் உருது அவள் வாயில் அப்படி வரும். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன்.

கடை என்று சொல்ல முடியாது, ஓர் ஆள் உட்காரும் பொந்து. கண்ணாடிப் பெட்டிக்குள் நாணயங்கள் குவித்துக் கிடக்கும். கடைக்காரர் ஒன்றை எடுத்து ஒரு கருங்கல்மேல் போடுவார். கணீரென்று எழும்பும் அந்தச் சத்தம் அடங்க நேரமாகும். பிறகு நூலில் தொங்கும் காந்தத்தை அதன்மேல் ஆட்டிக் காட்டுவார். ஒட்டாது. "பாத்துக்குங்க, சுத்த வெள்ளி" என்பார் இந்தியில். நான் கேட்ட இரண்டையோ மூன்றையோ குவியலிலிருந்து அள்ளி, செய்தித்தாளில் சுருட்டிக் கொடுப்பார். எனக்குத் திருப்தியாக இருக்கும். தட்டிக் காட்டியது ஒன்று, பொட்டலத்துக்குள் போனது வேறு என்று ஒருநாளும் தோன்றவில்லை.

ஆபீசில் நான் பார்த்த வேலையே பிழை கண்டுபிடிப்பதுதான். சம்பளம் அதற்குத்தான் கொடுத்தார்கள்.

அக்காவின் தம்பிக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை இருக்கிற நாளில் போவார், இல்லாத நாளில் படுத்திருப்பார். குடிப்பார். குடித்தால் சத்தம் போடுகிறவர் அல்ல. வாசல் படியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மோட்டார் ரிப்பேரான நாட்களில் சொல்லாமலே இரண்டு குடம் தண்ணீர் என் கதவுக்கு வெளியே இருக்கும். என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிடுவார்.

ஒரு ஞாயிறு சாயங்காலம் வாங்கி வந்த நாணயங்களை அக்கா வீட்டு மேஜைமேல் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் வந்து நின்றார். ஒன்றை எடுத்து விரல் நுனியில் தாங்கிக்கொண்டு இன்னொன்றால் அதன் விளிம்பில் தட்டினார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துத் தட்டினார்.

"சிஸ்டர், இது பேசலியே."

"பேசலன்னா என்னங்க?"

"சத்தம் செத்துப் போயிருக்கு. அது பாருங்க, பேசுது. இது பேசல."

அவர்களுடைய அப்பா ரயில்வேயில் சக்கரம் தட்டிப் பார்க்கிற வேலையில் இருந்தவர். வண்டி வந்து நின்றதும் நீளக் காம்பு போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவாராம். நல்ல சக்கரம் மணி மாதிரி கேட்கும், விரிசல் விட்டது பொத்தென்று கேட்கும். மகனும் சின்ன வயதில் அப்பா பின்னாலேயே பிளாட்பாரம் நெடுக நடந்திருக்கிறார். இதெல்லாம் அக்கா முன்பே சொல்லி எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் நான் மாடிக்கு ஓடிப்போய் ஒரு காந்தத்தை எடுத்துவந்து அந்த நாணயத்தின்மேல் வைத்துக் காட்டினேன்.

"பாருங்கண்ணா, ஒட்டல. வெள்ளிதாங்க."

"காந்தம் பித்தளைலயும்தான் ஒட்டாது சிஸ்டர்" என்றார். அவரிடமிருந்து வாடை வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா, "நீ போய் சாப்புடு, கைக்கு அவள பயமுறுத்துறே" என்று அவரை உள்ளே அனுப்பினாள்.

மூன்று வருஷத்தில் முப்பத்தாறு ரூபாய் சேர்ந்தது. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பீரோவில் பூட்டி, சாவியை என்னிடமே வைத்திருந்தேன். பிறகு எனக்கு ஆன்சைட் வாய்ப்பு வந்தது, எட்டு மாதம் அமெரிக்காவில். கிளம்புவதற்கு முன் கரூருக்குப் போய் வந்தேன். தங்கைக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்திருந்தது. டப்பாவிலிருந்து ஒரு ரூபாயை எடுத்துப்போய்க் குழந்தையின் கையில் வைத்துவிட்டு வந்தேன். மிச்சம் முப்பத்தைந்து.

விமானம் அன்று பேகம்பேட்டிலிருந்து. முதல் நாள் டப்பாவைக் கீழே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன்.

"எண்ணி வாங்கிக்குங்க்கா."

"நக்கோ. எண்ணினா நம்பலன்னு ஆயிடும். அப்டியே வை."

தைத்த துணிகள் வைக்கும் டிரங்குப் பெட்டியின் அடியில் டப்பாவை வைத்தாள். அந்தப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது.

திரும்பி வந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அம்மா ஊரிலிருந்தே எல்லாம் பேசி முடித்துவிட்டாள். அந்த நாணயங்களை உருக்கி ஒரு வெள்ளித் தட்டு செய்துகொள்ளலாம் என்று அக்காவிடமிருந்து டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, செகந்தராபாத் பஜாரில் ஒரு வெள்ளிக்காரரிடம் போனேன். வயதானவர், சாந்தமான மனிதர். டப்பாவைக் கவிழ்த்து ஒவ்வொன்றாகச் சின்னத் தராசில் வைத்தார். பதினோரு கிராமுக்கு மேல் நிற்கிறவற்றை ஒரு பக்கம் அடுக்கினார். சிலது பத்தைக்கூடத் தொடவில்லை. அவற்றை இன்னொரு பக்கம் தள்ளினார். கடைசியில் அந்தப் பக்கம் பதினொன்று இருந்தன.

ஒன்றின் விளிம்பில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, கண்ணாடிக் குச்சியால் ஒரு சொட்டு ஆசிட் வைத்தார். பச்சையாக நுரைத்தது. நல்லதில் ஒன்றையும் அதேபோல இழுத்துச் சொட்டு வைத்தார். அது பால் திரிந்த மாதிரி வெளுத்தது. "பச்சை வந்தால் செம்புக் கலப்பு. இது ஜெர்மன் சில்வர், பேரில்தான் வெள்ளி" என்றார் இந்தியில். பிறகு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். ராஜாவின் காதுக்குக் கீழே, தாடி தொடங்குகிற இடத்தில், ஊசியால் குத்திய மாதிரி ஒரு சின்னக் குழி. அடுத்ததைக் காட்டினார். அதிலும் அதே இடத்தில் அதே குழி. பதினொன்றிலும் இருந்தது.

"நாணயச்சாலையில் அடித்த காசில் ஒவ்வொன்றுக்கும் தேய்மானம் வேறு வேறாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே காயம் இருந்தால் அது ஒரே அச்சில் வார்த்தது" என்றார். நாணயங்களைத் திருப்பித் தரும்போதுதான் அதைக் கேட்டார்.

"இத்தனை நாள் இது யாரிடம் இருந்தது, பேட்டீ?"

மகளிடம் கேட்பதுபோலச் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் டிரங்குப் பெட்டி ஞாபகம் வந்தது. அக்கா எண்ணி வாங்க மறுத்தது அடுத்து வந்தது. அவளுடைய தையல் மிஷினுக்கு நான் அமெரிக்கா போகும்போது மோட்டார் கிடையாது, இப்போது புது மோட்டார் ஓடியது. எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஞாயிறு சாயங்காலம் வந்தது. எது பேசும், எது பேசாது என்று தெரிந்த ஆள். அப்போதே அடி போட்டு வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் அன்றைக்குச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள என் மனசுக்கு வழி தெரியவில்லை. படித்த புத்தி எவ்வளவு வேகமாகக் கோணலாக ஓடும் என்பதற்கு அந்த ஆட்டோப் பயணம் போதும்.

அக்கா காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பதினொன்றையும் மேஜைமேல் வைத்தேன்.

"இதெல்லாம் போலியாமுங்க்கா."

அவள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "யாரு சொன்னா?"

"ஆசிட் வச்சுப் பாத்தாங்க. பச்சையா வந்துச்சு."

"கடைக்காரன் ஏமாத்திட்டானா?"

அந்த இடத்தில் நான் 'இருக்கும்' என்று சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"கடையில நம்ம முன்னாலதானுங்க்கா தட்டிப் பாத்தாங்க. நான் ஊருக்குப் போறப்ப எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க தம்பிகூட ஒருநாள் எடுத்துத் தட்டிப் பாத்தாருங்களே."

அக்கா துணியில் குத்தி நின்ற ஊசியை மெதுவாக இழுத்தாள்.

"சரி, நீ மேல போ" என்றாள்.

ஐந்தாம் நாள் காலை மாடி ஏறி வந்தாள். அதுவரை அவள் என் அறைக்கு வந்தது இரண்டு மூன்று தடவைதான். கைக்குட்டை முடிச்சை என் கட்டிலில் அவிழ்த்தாள். பதினோரு ராஜா தலை.

"எண்ணிக்கோ" என்றாள்.

"அக்கா, இது எதுக்குங்க..."

"எண்ணிக்கோ மா."

எண்ணினேன். அவள் படி இறங்கிப் போன பிறகு ஒவ்வொன்றையும் தரையில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் கணீரென்று எழும்பின. செய்யாதவள் ஏன் திருப்பித் தருகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருந்தது. அந்தப் பதினொரு நாணயத்துக்கு அப்போதைய விலை அமெரிக்காவில் எனக்கு ஒரு நாள் செலவுக்குக் கொடுத்த தினப்படியைவிடக் குறைவு.

அந்த வாரத்திலிருந்து காலையில் மிஷின் சத்தம் இல்லை. தம்பியையும் காணவில்லை. ஒளிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். ஒரு மாதத்தில் கல்யாணம் முடிந்து குக்கட்பல்லிக்குக் குடிபோய்விட்டேன். கல்யாணத்துக்கு முன் பத்திரிகையை அவர்கள் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்திருந்தேன். அக்கா வரவில்லை.

தட்டு செய்யவே இல்லை. நல்ல நாணயங்களை லாக்கரில் வைத்தேன். போலிகளை ஒரு ஆபீஸ் கவரில் போட்டு வீட்டு அலமாரியில் வைத்திருந்தேன், ஏமாந்ததற்குச் சாட்சியாக. ஆபீசில் யாராவது வெள்ளி வாங்குவதைப் பற்றிப் பேசினால் நான்தான் பாடம் எடுப்பேன். காந்தத்தை நம்பாதீர்கள், எடை போடுங்கள், விளிம்பைத் தடவிப் பாருங்கள், இரண்டு நாணயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், ஒரே இடத்தில் ஒரே வடு இருந்தால் வாங்காதீர்கள். முடிவில் கீழ் வீட்டு அக்கா கதை வரும். சாப்பாட்டு மேஜையில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. "நம்பினவங்கதான் செய்வாங்க" என்று யாராவது முடித்துவைப்பார்கள். நான் டிபன் பாக்ஸை மூடுவேன்.

இப்படி ஆறு வருஷம் போயிற்று.

வெள்ளி விலை தாறுமாறாக ஏறிய வருஷம் தங்கை கரூரில் வீடு கட்டிக் குடிபுகுந்தாள். முதல் நாள் நான் போய்ச் சேர்ந்ததும் பூஜைச் சாமான்களைத் துலக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டேன். பின்கட்டில் உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குங்குமக் கிண்ணத்துக்குள் ஒரு ரூபாய் இருந்தது, கறுத்து, மஞ்சள் ஏறி. அதையும் தேய்த்தேன். ராஜாவின் முகம் வந்தது, தாடி வந்தது. காதுக்குக் கீழே கட்டைவிரலில் ஏதோ இடறியது.

தண்ணீரில் கழுவி வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.

"இது ஏது?" என்று தங்கையைக் கேட்டேன்.

"நீ குடுத்ததுதான். பாப்பா பொறந்தப்ப வந்து கையில வச்சியே. அன்னிக்கு இந்தக் கிண்ணத்துல போட்டேன், அதோட எடுக்கவே இல்ல."

"யார்கிட்டயும் குடுத்து வாங்கலயே?"

"யார்கிட்டக் குடுக்கப் போறேன்? ஏன், என்னாச்சு?"

சிமெண்டுத் தரையில் போட்டேன். பொத்தென்று விழுந்து அங்கேயே கிடந்தது.

அந்த நாணயம் டிரங்குப் பெட்டியைப் பார்த்ததே இல்லை. அக்காவிடம் டப்பாவைக் கொடுப்பதற்கு முந்திய வாரமே கரூருக்குப் போய்விட்டது. அதாவது நான் காசு கொடுத்து வாங்கியதே போலி. சார்மினார் சந்திலிருந்து செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு வந்ததே போலி. அந்த ஞாயிறு சாயங்காலமே ஒருவர் என் முகத்துக்கு நேரே அதைச் சொல்லியிருக்கிறார்.

கிரகப்பிரவேசத்தில் என்னென்ன நடந்தது என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. தங்கையிடம் கேட்டு அந்த நாணயத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து கவரை எடுத்து, சாப்பாட்டு மேஜையில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்தேன். பன்னிரண்டு ராஜாக்கள் ஒரே பக்கம் பார்த்தபடி, பன்னிரண்டு காதுக்கும் கீழே ஒரே குழியோடு.

கணவர் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஆறு வருஷம் ஆச்சு. மனசு உறுத்தினா போய் அந்தக் காச ரெண்டு மடங்காக் குடுத்துட்டு வந்துடு."

நான் உடனே போகவில்லை. இரண்டு மாதம் போகவில்லை. அந்த இரண்டு மாதமும் வீட்டில் ஒரு கரண்டி கீழே விழுந்தால்கூட என் காது அதைக் கேட்டுப் பார்த்தது, இது பேசுகிறதா, பேசவில்லையா என்று. குக்கட்பல்லியில் ஏழாவது மாடி. ஒருநாள் காலை கதவைத் திறக்கும்போது வெளியே இரண்டு குடம் தண்ணீர் இருக்கும் என்று உடம்பு எதிர்பார்த்து நின்றது. பஸ் ஸ்டாப்பில், லிஃப்டில், ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி வரிசையில், தோளைக் குறுக்கி நிற்கிற எந்த ஆளைப் பின்னாலிருந்து பார்த்தாலும் அவராகத் தெரிந்தது. திரும்பினால் வேறு யாரோ. அக்காவுக்குச் செய்ததை நினைத்துத்தான் குமைந்துகொண்டிருந்தேன், ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் தம்பிதான். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். திருமுல்கேரி வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அக்கா போகிற சர்ச்சில் தமிழ் ஆராதனை உண்டு. அங்கே விசாரித்ததில், லாலாகுடா பக்கம் ரயில்வே காலனிக்குப் பின்னால் ஒரு சந்தைச் சொன்னார்கள்.

ஒரே அறை. அக்கா தரையில் உட்கார்ந்து ஒரு புடவைக்குக் கையால் ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வா. இளைச்சுட்டே. டீ குடிக்கிறியா?"

நான் நின்றபடியே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயமாக இருந்தது. தங்கை வீடு, குங்குமக் கிண்ணம், குழி என்று எல்லாவற்றையும் சொல்லி, பன்னிரண்டையும் அவள் முன்னால் வைத்தேன். லாக்கரிலிருந்து எடுத்து வந்திருந்த பதினோரு நல்ல நாணயங்களையும் வைத்தேன்.

"உங்களையப் போய் சந்தேகப்பட்டுட்டேனுங்க்கா. என்னைய மன்னிச்சிருங்க."

"என்னையா?" என்றாள். அவள் முகத்தில் இருந்தது உண்மையான ஆச்சரியம். "என்னை சந்தேகப்பட்டியா நீ?"

நான் தலையாட்டினேன்.

"நா அப்டி நெனைக்கவே இல்லியே. அவன சொல்றேன்னுதான நெனச்சேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நாணயத்தை எடுத்தாள். காதுக்குக் கீழே நகத்தால் தடவினாள். அடுத்ததை எடுத்தாள். பன்னிரண்டையும் பார்த்து முடித்தாள்.

"அப்ப அவன் எடுக்கல."

"இல்லீங்க்கா."

"நல்லா பாத்தியா நீ?"

"பாத்தனுங்க்கா. வாங்கினப்பவே போலிதான்."

"அவன் எடுக்கல" என்று மறுபடியும் சொன்னாள், இந்த முறை என்னிடம் இல்லை.

பிறகு அவளாகவே சொன்னாள். அன்று நான் மாடிக்குப் போனதும் தம்பியை எழுப்பிக் கேட்டிருக்கிறாள். அவர் இல்லை என்றிருக்கிறார். அம்மாவின் போட்டோவைக் கழற்றி அதன்மேல் கை வைத்து இல்லை என்றிருக்கிறார்.

"குடிக்கிற கை, அம்மாவ தொடாதேன்னேன். புடுங்கி வச்சிட்டேன். நீ படிச்சவ, கம்ப்யூட்டர்ல வேல பாக்குறவ, ஆசிட் வச்சு பாத்துட்டு வந்து சொல்றே. நீ தப்பா சொல்ல மாட்டேன்னு இருந்துச்சு எனக்கு. அவன் தப்பு செய்வான்னு ஈஸியா தோணிச்சு. எம் மூஞ்சில முழிக்காதேன்னேன். ரெண்டு சட்ட எடுத்துட்டுப் போனான். மிஷின வித்து உனக்குக் குடுத்தேன்."

"அதுக்கப்புறம் வரலீங்களா?"

"இல்ல. ரயில்வே ஷெட்ல வேல பாக்குற ஆளு ஒருத்தர் வாடி ஸ்டேஷன்ல பாத்தேன்னார். அது ஆச்சு மூணு வருஷம். டீக்கடைல கிளாஸ் கழுவிட்டிருந்தானாம். நா போகல. திருடினவன் அவன்தான வரணும்னு இருந்துட்டேன்."

டீ போடுவதை இரண்டு பேரும் மறந்திருந்தோம். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அப்போது அது எனக்கு வேண்டியிருந்தது. அவள் திட்டவில்லை. பதினோரு நாணயங்களையும் என் பக்கம் தள்ளினாள்.

"இத நீ வை. வாடிக்கு வண்டி காலைல இருக்கு. நீ வர்றியா?"

அவரை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு வாடிக்குப் போனோம். பிறகு ஒருமுறை சோலாப்பூருக்கு, ஒருமுறை குல்பர்காவுக்கு. அக்காவிடம் இருந்தது ஏதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த போட்டோ. பத்துப் பேருக்கு நடுவில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதை நான் பெரிதாக்கிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். பெரிதாக்கியதில் முகம் இன்னும் மங்கிப் போயிற்று.

வாடியில் மட்டும் ஒருவர் அடையாளம் சொன்னார். பிளாட்பாரக் கடைசியில் டீக்கடை வைத்திருந்த பெரியவர். போட்டோவைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மதராஸி. ஒன்றரை வருஷம் இங்கே இருந்தான்" என்றார். கூலி கேட்காமல் வேலை செய்வானாம், கொடுத்ததை வாங்கிக்கொள்வானாம். கடைசியில் இருமல் அதிகமாக இருந்ததாம். ஒருநாள் சோலாப்பூர் பக்கம் போகிற வண்டியில் ஏறிப் போனான், பிறகு வரவில்லை என்றார்.

"குடிச்சானா?" என்று அக்கா கேட்டாள். அவர்கள் பேசியதெல்லாம் உருதுவில், எனக்கு அதற்குள் அந்த அளவுக்குப் புரியும்.

"இங்கே வந்த பிறகு நான் பார்க்கவில்லை."

அக்கா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஒரு துண்டுக் காகிதத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்த விலாசத்தை அவரிடம் கொடுத்தாள்.

"அவன் வந்தால் சொல்லுங்கள். அக்கா நினைத்தது தப்பு. வீட்டுக்கு வரச் சொன்னாள்."

"என்ன தப்பு என்று கேட்டால்?"

"அவனுக்குத் தெரியும். அக்கா தப்பு பண்ணிவிட்டாள் என்றால் போதும்."

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். என்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், இந்தி வாக்கியத்தை மனதுக்குள் சேர்த்துக்கொண்டுகூட இருந்தேன். அதற்குள் பெரியவர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு வேறு ஆளுக்கு டீ ஊற்றப் போய்விட்டார்.

திரும்பி வரும் வண்டியில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நிற்கிற ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கம்பியில் நெற்றியை வைத்துப் பிளாட்பாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். தாண்டூரில் அவள் கண்ணயர்ந்திருந்தாள். நான் எழுந்துபோய்க் கதவருகே நின்று, வண்டி நகரும்வரை அவளுக்குப் பதிலாகப் பார்த்தேன்.